வேலை போனால் ஈஐ: கனடாவில் வேலையின்மைக் காப்புறுதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் ஒன்றுவிட்ட அண்ணா ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருடம் இரவு வேலை செய்தவர். லேஓஃப் ஆன அன்று மேற்பார்வையாளர் சொன்னாராம்: "பேப்பர் தபாலில் வரும், வந்த பிறகு ஈஐக்குப் போடு." அண்ணா காத்திருந்தார். பேப்பர் வரவில்லை. ஏழாவது கிழமை என்னிடம் வந்து, "கேட்டால் பிச்சை கேட்பது மாதிரி இருக்கு, அதான் பேசாமல் இருந்தனான்" என்றார். அந்த ஏழு கிழமைக்கும் சம்பளமும் இல்லை, ஈஐயும் இல்லை.

அவருக்காகத் தேடிப் படிக்கத் தொடங்கியது, அப்புறம் நண்பர்களின் விண்ணப்பங்களையும் நிரப்பிக் கொடுப்பதில் வந்து நின்றது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். தொகைகள் 2025-ஆம் ஆண்டுக்கானவை. ஒவ்வொரு தை (ஜனவரி) முதலாம் திகதியும் அவற்றில் பெரும்பாலானவை மாறும்.

சம்பளத் துண்டில் ஈஐ என்று வெட்டுகிறார்களே, எவ்வளவு வெட்டலாம்?

ஒவ்வொரு 100 டொலருக்கும் 1.64 டொலர். வருடத்தில் 65,700 டொலர் சம்பளம் வரைதான் வெட்டலாம். ஆகவே ஒருவர் ஒரு வருடத்தில் கட்டக்கூடிய ஆகக்கூடிய தொகை 1,077.48 டொலர். நல்ல சம்பளக்காரருக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கையில் வரும் காசு திடீரென்று கொஞ்சம் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர் அந்த வருடத்துக்குரிய முழுவதையும் கட்டி முடித்துவிட்டார்.

நீங்கள் கட்டுவதைப் போல 1.4 மடங்கை முதலாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டும். உங்களிடம் ஒரு டொலர் வெட்டினால் அவர் ஒரு டொலர் நாற்பது சதம் போடுகிறார். அவருடைய பங்கை உங்கள் சம்பளத்திலிருந்து எடுக்க அவருக்கு உரிமை இல்லை. கியூபெக்கில் பிள்ளைப்பேற்றுக் கொடுப்பனவை மாகாணமே தனியாக நடத்துவதால் அங்கே வெட்டும் வீதம் குறைவு: 100 டொலருக்கு 1.31.

பிச்சை என்று அண்ணா சொன்னதற்கு நான் கொடுத்த பதிலும் இங்கேதான் இருக்கிறது. 1990-க்குப் பிறகு வழமையாக அரசாங்கம் தன் பொது வருமானத்திலிருந்து இந்தக் காப்புறுதிக்குப் பங்கு போடுவதில்லை. தொழிலாளரும் முதலாளிகளும் கட்டும் காசில்தான் அது ஓடுகிறது. கார் இடிபட்டால் காப்புறுதிக் காசு கேட்க யாராவது வெட்கப்படுகிறார்களா?

அந்தக் காசு என் பெயரில் சேர்ந்துகொண்டு இருக்கிறதா?

இல்லை. ஊரில் சேமலாப நிதி பார்த்துப் பழகியவர்கள் இதையும் அப்படி நினைக்கிறார்கள். இதில் கணக்கு, மிச்சம், வட்டி எதுவும் கிடையாது. இருபது வருடம் கட்டிவிட்டு ஒரு நாளும் எடுக்காமல் ஓய்வு பெற்றால் ஒன்றும் திரும்பாது.

இரண்டு சந்தர்ப்பத்தில் மட்டும் வருமான வரி பதியும்போது திரும்பக் கிடைக்கும். இரண்டு இடத்தில் வேலை செய்து, இரண்டு இடத்திலும் வெட்டி, மொத்தம் 1,077.48-ஐத் தாண்டியிருந்தால் கூடிய தொகை வரும். வருடம் முழுக்கக் காப்புறுதிக்குரிய சம்பளம் 2,000 டொலர் அல்லது அதற்குக் குறைவு என்றால் கட்டிய எல்லாமே வரும். கோடை விடுமுறையில் சில கிழமை மட்டும் வேலை செய்த பிள்ளைகளுக்கு முதலாளி தரும் வருடச் சம்பள விவரமான டீ4 பத்திரத்தை எறிந்துவிடாதீர்கள். அதில் 18-ஆம் பெட்டியில் இருப்பதுதான் நீங்கள் கட்டிய ஈஐ.

எனக்கு 68 வயது. இன்னும் ஏன் வெட்டுகிறார்கள்?

சீபீபீ ஓய்வூதியத்துக்கு வெட்டுவது 70 வயதில் நிற்கும். ஈஐக்கு வயதெல்லை இல்லை. அதனால் 68 வயதில் லேஓஃப் ஆனாலும் நீங்கள் ஈஐ எடுக்கலாம்.

கைக்காசுக்கு வேலை செய்கிறேன். எனக்கு ஈஐ கிடைக்குமா?

பதிவில்லாத காசுக்கு மணித்தியாலமும் பதிவாகாது. "வரி இல்லாமல் முழுசாகத் தாறேன்" என்று முதலாளி சொல்லும்போது இனிப்பாகத்தான் இருக்கும். கடை பூட்டிய அன்று கையில் ஒரு துண்டும் இருக்காது.

இதைவிடச் சிக்கலான இன்னொரு வகை இருக்கிறது. ஒரே முதலாளியிடம், அவர் சொன்ன நேரத்தில், அவருடைய கருவிகளை வைத்து வேலை செய்வீர்கள். ஆனால் "நீ ஒப்பந்தக்காரன், இன்வொய்ஸ் கொடு" என்று சொல்லி ஒன்றும் வெட்ட மாட்டார்கள். பாரவூர்தி ஓட்டுபவர்கள், துப்புரவு வேலை செய்பவர்கள், கட்டட வேலைக்காரர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர் இப்படி இருக்கிறார்கள். நீங்கள் தொழிலாளியா, சொந்தத் தொழில்காரரா என்பதை முதலாளி வைத்த பெயர் தீர்மானிப்பதில்லை. யார் கட்டுப்படுத்துகிறார், கருவி யாருடையது, லாப நட்டம் யாருக்கு என்று பார்ப்பார்கள். வரித் திணைக்களமான சிஆர்ஏயிடம் தீர்மானம் கேட்டு எழுதலாம். வேலை செய்த வருடத்துக்கு அடுத்த வருட ஆனி (ஜூன்) 29-ஆம் திகதிக்குள் கேட்க வேண்டும். நீங்கள் தொழிலாளி என்று அவர்கள் தீர்மானித்தால் அந்த மணித்தியாலங்கள் கணக்கில் சேரும்.

உண்மையிலேயே சொந்தத் தொழில் செய்பவர்கள் 2010 முதல் விரும்பினால் பதிந்து கட்டலாம். அதில் நோய், பிள்ளைப்பேறு போன்ற கொடுப்பனவுகள்தான் வரும். தொழில் படுத்தது என்று ஈஐ கேட்க முடியாது. நிறுவனத்தில் 40 வீதத்துக்கு மேல் வாக்குரிமைப் பங்கு வைத்திருப்பவருக்கும் அந்த நிறுவனத்துச் சம்பளம் காப்புறுதிக்குள் வராது. மச்சானுடைய கடையில் வேலை என்றால், வெளியாள் ஒருவருக்கும் இதே வேலையை இதே சம்பளத்துக்குக் கொடுத்திருப்பாரா என்று துருவிக் கேட்பார்கள்.

எத்தனை மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும்?

420-இலிருந்து 700 வரை. நீங்கள் வசிக்கும் பகுதியில் வேலையின்மை கூடக் கூட, தேவைப்படும் மணித்தியாலம் குறையும். 6 வீதமோ அதற்குக் குறைவோ என்றால் 700. 13 வீதத்துக்கு மேலே என்றால் 420. இடையில் ஒவ்வொரு வீதத்துக்கும் 35 மணித்தியாலம் இறங்கும். வேலை செய்யும் இடத்தைப் பார்க்க மாட்டார்கள், வீட்டின் அஞ்சல் குறியீட்டைத்தான் பார்ப்பார்கள்.

2025 இளவேனிலில், அமெரிக்கா போட்ட இறக்குமதி வரிகளால் வேலைகள் ஆட்டம் கண்டபோது, எந்தப் பகுதியையும் 7.1 வீதத்துக்குக் குறைவாகக் கணக்கிடுவதில்லை என்று தற்காலிகமாக ஒரு விதி கொண்டுவந்தார்கள். அந்த விதி இருக்கும்வரை எங்கேயும் 630-க்கு மேல் தேவைப்படாது. கிழமைக்கு 40 மணித்தியாலம் செய்பவருக்கு அது 16 கிழமை. நீங்கள் விண்ணப்பிக்கும்போது அது நடைமுறையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மணித்தியாலத்தைக் கடைசி 52 கிழமைக்குள் எண்ணுவார்கள். அந்தக் காலத்துக்குள் முன்பு ஒருமுறை ஈஐ எடுத்திருந்தால், அது தொடங்கிய நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். அந்த 52 கிழமை, நீங்கள் விண்ணப்பிக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போகிறது. ஆறப்போட்டால் பழைய மணித்தியாலங்கள் பின்னால் கழன்று விழும். ஓவர்டைம் ஒரு மணிக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் வந்தாலும் ஒரு மணியாகத்தான் எண்ணப்படும். ஏஜென்சி மூலம் நாலு தொழிற்சாலையில் நின்றிருந்தாலும் உங்கள் முதலாளி அந்த ஏஜென்சிதான், நாலையும் கூட்டலாம்.

வேலை போன அன்றைக்கு என்ன செய்வது?

விண்ணப்பத்தைப் போடுங்கள். ஈஐ விண்ணப்பங்களைக் கையாளும் அரசாங்க அலுவலகமான சேர்விஸ் கனடாவின் இணையத்தளத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். சின் எனப்படும் சமூகக் காப்புறுதி இலக்கம், கடைசி 52 கிழமையில் வேலை செய்த எல்லா முதலாளிகளின் பெயரும் திகதிகளும், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை வேண்டும். இணையம் சரிவராதவர்கள் 1-800-206-7218 என்ற இலக்கத்தைக் கூப்பிடலாம், அல்லது நேரே அலுவலகத்துக்குப் போகலாம்.

அண்ணா காத்திருந்த அந்தப் பேப்பருக்குப் பெயர் வேலைப் பதிவு, ஆர்ஓஈ என்பார்கள். அது கையில் வரும்வரை நிற்கவே தேவையில்லை. இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் அதை மின்வழியாக நேரே சேர்விஸ் கனடாவுக்கு அனுப்பிவிடுகின்றன. வேலை நின்ற சம்பளக் காலம் முடிந்து ஐந்து நாட்களுக்குள் அனுப்ப வேண்டும் என்பது அவர்களுக்கு விதி. தபாலில் ஒன்றும் வராது. உங்கள் மை சேர்விஸ் கனடா கணக்குக்குள் போனால் பார்க்கலாம். முதலாளி இழுத்தடித்தால் சம்பளத் துண்டுகளைக் காட்டி விண்ணப்பத்தை நகர்த்தலாம். ஆகவே துண்டுகளைச் சேர்த்து வையுங்கள்.

கடைசி வேலை நாளிலிருந்து நான்கு கிழமை தாண்டினால் இழப்பு வரலாம். தாமதத்துக்கு நல்ல காரணம் இருந்தால் முன்திகதியிட்டுத் தரச்சொல்லிக் கேட்கலாம். "எனக்குத் தெரியாது" என்பது மட்டும் அவர்களுக்குப் போதாது. அண்ணாவுக்கும் போதவில்லை.

ஆர்ஓஈயில் இருக்கும் எழுத்து என்ன?

வேலை நின்ற காரணம். ஏ என்றால் வேலை இல்லாமல் நிறுத்தினார்கள் அல்லது ஒப்பந்தம் முடிந்தது. டி நோய், எஃப் பிள்ளைப்பேறு. ஈ என்றால் நீங்களே விட்டீர்கள், எம் என்றால் உங்களை நீக்கினார்கள். ஈயோ எம்மோ இருந்தால் சேர்விஸ் கனடாவிலிருந்து தொலைபேசி வரும். எழுத்து பிழையென்று நினைத்தால் உங்கள் பக்கத்தை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். அவர்கள் இரண்டு பக்கமும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். முதலாளி எழுதியதே தீர்ப்பு ஆகாது.

நானாக வேலையை விட்டால், அல்லது நீக்கினால்?

தக்க காரணம் இல்லாமல் விட்டால் கிடைக்காது. தக்க காரணம் என்று சட்டமே சிலவற்றைச் சொல்கிறது: துன்புறுத்தல், பாகுபாடு, உடலுக்கு ஆபத்தான வேலை, சம்பளத்தில் பெரிய மாற்றம், கணவன் அல்லது மனைவி வேறு ஊருக்கு மாறுவது, பிள்ளையையோ நெருங்கிய உறவினரையோ பார்க்க வேண்டிய கட்டாயம். ஆனால் காரணம் இருப்பது மட்டும் போதாது. வேலையை விடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை என்று காட்ட வேண்டும். மேற்பார்வையாளர் கூடாதவர் என்றால், மேலே முறையிட்டீர்களா, வேறு ஷிஃப்ட் கேட்டீர்களா, வேறு வேலை தேடினீர்களா என்று கேட்பார்கள். கோபத்தில் வேலை அடையாள அட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வருவதற்கு முன் ஒரு மின்னஞ்சலாவது அனுப்பி வையுங்கள்.

நீக்கப்பட்டவர்கள் பயந்து விண்ணப்பிக்காமலே விடுகிறார்கள். நடத்தைப் பிழை என்றால்தான் மறுப்பார்கள்: களவு, சொல்லாமல் திரும்பத் திரும்ப வராமல் விடுவது, விதி தெரிந்தே மீறுவது. வேகம் போதவில்லை, வேலை பிடிபடவில்லை என்று நீக்கினால் அது நடத்தைப் பிழை இல்லை.

எவ்வளவு, எத்தனை நாளைக்கு?

கிழமைச் சராசரிச் சம்பளத்தில் 55 வீதம். ஆகக்கூடியது கிழமைக்கு 695 டொலர். சராசரியை உங்கள் நல்ல கிழமைகளை வைத்தே எடுப்பார்கள். பகுதியைப் பொறுத்து 14 முதல் 22 கிழமை வரை, கூடச் சம்பளம் வந்த கிழமைகள். சராசரி 900 டொலர் என்றால் 495 வரும். குடும்பத்தின் வருட வருமானம் 25,921 டொலருக்கு மேற்படாமல், பிள்ளைகளும் இருந்தால் கொஞ்சம் கூடக் கிடைக்கும்.

காலம் 14 முதல் 45 கிழமை. இதுவும் பகுதியையும் மணித்தியாலத்தையும் பொறுத்தது.

முதல் காசு எப்போது வரும்?

எல்லாம் சரியாக இருந்தால் விண்ணப்பித்து 28 நாளளவில். முதல் ஒரு கிழமைக்குக் காசு இல்லை, அது காத்திருப்புக் கிழமை. 2017-க்கு முன் இரண்டு கிழமையாக இருந்தது. மேலே சொன்ன 2025 தற்காலிக விதிகளில் இந்த ஒரு கிழமையையும் விட்டுக்கொடுத்தார்கள். வாடகைக்கும் மோர்ட்கேஜுக்கும் ஒரு மாதத்துக்காவது கையில் காசு வேண்டும் என்றே கணக்குப் போடுங்கள்.

வேலையிலிருந்து நிறுத்தும்போது நிறுவனம் பெரிய தொகை தந்தது. அது முடிந்த பிறகு விண்ணப்பிக்கலாமா?

உடனே போடுங்கள். வழமையான விதிப்படி அந்தத் தொகையையும் விடுமுறைச் சம்பளத்தையும் உங்கள் கிழமைச் சம்பளத்தால் பிரித்து, அத்தனை கிழமைக்கு ஈஐ தொடங்குவதைத் தள்ளிப் போடுவார்கள். தள்ளித்தான் போடுவார்கள், கிழமைகளை வெட்ட மாட்டார்கள். 2025 தற்காலிக விதி இதையும் நிறுத்தி வைத்தது.

இரண்டு கிழமைக்கொரு அறிக்கை என்றால் என்ன?

நீங்கள் இன்னும் வேலை தேடுகிறீர்கள், வேலைக்குத் தயார் என்று இரண்டு கிழமைக்கு ஒருமுறை இணையத்திலோ தொலைபேசியிலோ சொல்ல வேண்டும். வேலை செய்தீர்களா, வேறு காசு வந்ததா, படிக்கப் போனீர்களா, நாட்டில் இருந்தீர்களா என்று கேட்கும். ஐந்து நிமிட வேலை. உரிய திகதியிலிருந்து மூன்று கிழமைக்குள் அனுப்பாவிட்டால் காசு நிற்கும். எங்கெங்கே வேலை கேட்டீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், எப்போதாவது கேட்பார்கள்.

ஈஐ எடுக்கும்போது பகுதிநேரம் வேலை செய்யலாமா?

தாராளமாக. உழைக்கும் ஒவ்வொரு டொலருக்கும் ஈஐயில் 50 சதம் கழிப்பார்கள். முன்பு 900 சம்பளம், ஈஐ 495 என்று எடுத்துக்கொள்வோம். பகுதிநேரத்தில் 300 உழைத்தால் 150 கழித்து 345 தருவார்கள். மொத்தம் 645, சும்மா இருப்பதைவிட 150 கூட. முந்தைய சம்பளத்தின் 90 வீதம், அதாவது இங்கே 810 வரைதான் இந்தச் சலுகை. அதற்கு மேல் உழைப்பது டொலருக்கு டொலர் கழியும்.

இங்கே எல்லோரும் விடும் பிழை ஒன்று: காசு கையில் வந்த கிழமையைப் போடுகிறார்கள். வேலை செய்த கிழமையைத்தான் போட வேண்டும், அதுவும் வெட்டுகளுக்கு முந்திய முழுத் தொகையை.

ஊருக்குப் போய் வரலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்காமலே போனவர்கள்தான் எனக்குத் தெரிந்து கூடுதலாக மாட்டிக்கொண்டவர்கள். வழமையான ஈஐ நாட்டை விட்டு வெளியே இருக்கும் நாட்களுக்குக் கிடையாது. சில விலக்குகள் உண்டு. நெருங்கிய உறவினரின் இறுதிச் சடங்குக்கு, கடும் நோயில் இருக்கும் நெருங்கிய குடும்பத்தவரைப் பார்க்க, வேலை நேர்முகத்துக்கு என்றால் தொடர்ந்து ஏழு நாள் வரை. வேலை தேடுவதற்கு என்றால் 14 நாள் வரை.

ஏழு நாள் நமக்குக் காணாது. ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம் போய்ச்சேரவே இரண்டு நாள் போய்விடும். எட்டுச் செலவு முடித்துத் திரும்புவதற்குள் கணக்குத் தாண்டிவிடும், அந்தியேட்டி வரை நின்றால் சொல்ல வேண்டாம். அதற்காகப் போகாமல் இருக்க வேண்டுமா? இல்லை. அறிக்கையில் திகதியைச் சரியாகப் போடுங்கள். கூடுதலாக நின்ற நாட்களுக்கு மட்டும் காசு வராது. அந்த நாட்கள் உங்கள் மொத்தக் கிழமையிலிருந்து கழிவதுமில்லை, உரிய ஒரு வருடத்துக்குள் பிறகு எடுக்கலாம். சொல்லாமல் போனால்தான் வினை. எல்லையில் பதியும் பயண விவரங்களை ஈஐ பட்டியலுடன் ஒப்பிடுகிறார்கள். அப்படி ஒப்பிடுவது சரிதான் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2001-லேயே சொல்லிவிட்டது. பிடிபட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்டுவதோடு தண்டமும் உண்டு. அடுத்த முறை ஈஐக்குக் கூட மணித்தியாலமும் கேட்பார்கள். தாங்களாக முன்வந்து பிழையைச் சொன்னவர்களுக்குத் தண்டம் போடாமல் விடுவார்கள்.

அந்த நேரத்தில் படிக்கலாமா?

இரவு ஆங்கில வகுப்பு போன்றது பிரச்சினையில்லை, வேலை வந்தால் விட்டுவிடத் தயாராக இருந்தால் போதும். முழுநேரப் படிப்பு என்றால் சேரும் முன் அனுமதி வாங்குங்கள். ஒன்ராறியோவில் பெற்றர் ஜொப்ஸ் ஒன்ராறியோ என்ற திட்டம், முன்பு செக்கண்ட் கரியர் என்றது, படிப்புச் செலவுக்கே உதவும்.

வேலை அனுமதிப் பத்திரத்தில் இருக்கிறேன். 9-இல் தொடங்கும் சின் இலக்கம்.

உங்களிடமும் வெட்டுகிறார்கள், நீங்களும் கேட்கலாம். அனுமதியும் சின் இலக்கமும் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். ஒரே முதலாளிக்குக் கட்டுப்பட்ட அனுமதி என்றால், வேறு வேலைக்குத் தயாராக இருப்பதை எப்படிக் காட்டுவது என்பதில் சிக்கல் வரும். அப்படியானவர்கள் முதலிலேயே ஒரு சட்ட உதவி நிலையத்தில் கேட்பது நல்லது.

நோய், பிள்ளைப்பேறு?

அதே காப்புறுதிதான், 600 மணித்தியாலம் வேண்டும். நோய்க்கு 26 கிழமை வரை. 2022 மார்கழிக்கு முன் 15-ஆக இருந்தது. தாய்க்கு 15 கிழமை. அதன் பிறகு பெற்றோர் இருவரும் பகிர்ந்தால் 40 கிழமை 55 வீதத்தில், அல்லது 69 கிழமை 33 வீதத்தில். இந்தப் பிள்ளைப்பேற்று, பெற்றோர் கொடுப்பனவை ஊரில் இருந்தும் எடுக்கலாம்.

ஈஐக்கு வரி உண்டா?

உண்டு. அவர்கள் வெட்டும் வரி பலருக்குக் காணாது, சித்திரையில் வரி பதியும்போது கட்ட வேண்டிவரும். கூட வெட்டச்சொல்லிக் கேட்கலாம். அந்த வருடத்து நிகர வருமானம் 82,125 டொலரைத் தாண்டினால் எடுத்த ஈஐயில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்பார்கள், ஆகக்கூடியது 30 வீதம். பத்து வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக எடுப்பவருக்கு இது இல்லை.

மறுத்துவிட்டார்கள். இனி?

கடிதத்தின் திகதியைப் பாருங்கள். முடிவு தெரிந்து 30 நாளுக்குள் மீள்பரிசீலனை கேட்க வேண்டும், கட்டணம் இல்லை. புதிதாக ஓர் அலுவலர் பார்ப்பார். என்ன நடந்தது என்று திகதி வாரியாக ஒரு பக்கத்தில் எழுதி, மின்னஞ்சல், குறுஞ்செய்தி, வைத்தியர் கடிதம் இருந்தால் சேருங்கள். முதல் தடவை தொலைபேசியில் அவசரமாகச் சொன்ன பதிலால் மறுக்கப்பட்டவர்கள் இங்கே பலர் வெல்கிறார்கள்; நான் நிரப்பிக் கொடுத்தவர்களில் இருவருக்கு அப்படித்தான் கிடைத்தது. அங்கேயும் மறுத்தால் சுயாதீனமான தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்ய இன்னும் 30 நாள் உண்டு. எங்கே, எப்படி என்று மறுப்புக் கடிதத்திலேயே எழுதியிருக்கும். ஒன்ராறியோவில் குறைந்த வருமானக்காரருக்கு இதற்கு இலவசமாகத் துணை நிற்கும் சமூகச் சட்ட உதவி நிலையங்கள் இருக்கின்றன. அந்தக் கடிதத்தையும் உறையையும் அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள்.